மரைக்கு எடுத்த துவக்கு

ஒரு வேட்டைத் துவக்கைத் தெரிவுசெய்கிறவர் எதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்: அது விழுத்தப்போகும் விலங்கையா, அதைத் தோளில் தாங்கப்போகும் மனிதரையா? சில ஆண்டுகளுக்கு முன் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால், விலங்கை என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். காரணங்களையும் அடுக்கியிருப்பேன். காயத்தோடு ஓடும் விலங்கின் வேதனை, அதன் இறைச்சியை உண்ணப்போகும் குழந்தைகளின் உடல்நலம், காட்டில் விடப்படும் குடலைத் தின்ன வரும் கழுகுகள் என்று அந்த அடுக்கு நீண்டிருக்கும். அதில் என் அண்ணாவுக்கு இடம் இருந்திராது.

அண்ணாவுக்கு எல்க் வேட்டைக்கான அனுமதி கிடைத்த கோடையில் எல்லாம் தொடங்கியது. எல்க் என்பது மான் இனத்தைச் சேர்ந்த, ஏறத்தாழக் குதிரை அளவான ஒரு விலங்கு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முற்றாக அற்றுப்போயிருந்த அதை வெளியிலிருந்து கொண்டுவந்து காடுகளில் விட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். ஆகையால் ஆண்டுதோறும் குலுக்கல் நடத்தி, மிகச் சிலருக்கு மட்டுமே அதைச் சுட அனுமதி கொடுக்கிறார்கள். அண்ணா வருடம் தவறாமல் விண்ணப்பிப்பார். வருடம் தவறாமல் இல்லையென்று பதில் வரும். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை; லொத்தர்ச் சீட்டு வாங்குகிறவரை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அவரையும் பார்த்தோம்.

அந்த வருடம், நான் அலுவலகக் கூட்டமொன்றில் இருந்தபோது அவருடைய அழைப்பு மூன்று முறை வந்தது. பயந்துபோய் வெளியே வந்து எடுத்தேன்.

"பிள்ளை, விழுந்திட்டுது!"

"என்ன அண்ணா விழுந்தது?"

"குலுக்கல்! பொம்பிளை மரை ஒண்டு. இந்த செப்ரெம்பர்."

எல்க்கை அவர் ஒருபோதும் எல்க் என்று சொன்னதில்லை. இலங்கையில், வன்னிக் காட்டின் பெரிய மானுக்கு எங்களிடம் இருந்த பெயரையே இதற்கும் வைத்துவிட்டார். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

வேட்டையை அவர் பழகியது தொழிற்சாலையில். கதவு, யன்னல் செய்யும் அந்த இடத்தில் அவரோடு ஒரே மேசையில் வேலை செய்த ஒரு வயதான இத்தாலியர், நவம்பர் மாதங்களில் மான் வேட்டைக்குப் போகும்போது அண்ணாவையும் கூட்டிப்போனார். அவர் வேலையிலிருந்து இளைப்பாறியபோது தன்னுடைய பழைய துவக்கை அண்ணாவிடமே விட்டுப்போனார். விசைப்பிடியைக் கீழே இழுத்து ரவையை, அதாவது தோட்டாவை, ஏற்றும் வகைத் துவக்கு அது. 'முப்பது-முப்பது' என்ற அதன் ரவையின் பெயரைக் கொண்டு எல்லோரும் அதைத் 'தேட்டி-தேட்டி' என்பார்கள். சிறிய துவக்கு, உதைப்பும் குறைவு, சத்தமும் குறைவு. அதைக் கொண்டு அண்ணா நாலைந்து மான்கள் சுட்டிருக்கிறார். ஒன்றுகூட ஓடித் தப்பியதில்லை என்று சொல்வார். நாங்கள் அதைப் பெருமைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டோம்.

குலுக்கல் விழுந்த வார இறுதியில் அண்ணா சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து றிச்மண்ட் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்து முடித்திருந்தார்.

எங்கள் ஆட்களிடம் பங்கு இறைச்சி என்றொரு வழக்கம் உண்டு. தீபாவளி போன்ற நாட்களுக்குச் சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டைப் பிடித்து அடிப்பித்து, ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாவற்றிலும் சமன் பார்த்துக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ரொறன்ரோவிலும், வடக்கே உள்ள பண்ணைகளில் ஆடு சொல்லிவைத்து இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பங்கு சொன்னவர் சொல் மாறினால் அது பெரிய வெட்கக்கேடு. ஆனால் ஆட்டுப் பங்கில், முதலில் ஆடு கயிற்றில் நிற்கும். பிறகுதான் பங்கு சொல்வார்கள். அண்ணா, காட்டில் நிற்கிற மரைக்குப் பங்கு சொல்லிவிட்டார். அவருடைய மாடிக் கட்டடத்தில் உள்ள நாலைந்து குடும்பங்கள், பழைய பார்க்டேல் நண்பர்கள், அண்ணியின் ஒன்றுவிட்ட தங்கை என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. வேட்டை இறைச்சியை விற்பது சட்டப்படி குற்றம் என்பதால் எல்லாமே இனாம். அதனால் சொல்லின் பாரம் இன்னும் கூடியிருந்தது.

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், தன்னைப் பங்கு போட்டாச்செண்டு மரைக்குத் தெரியுமோ?"

"அதுக்கேன் சொல்லுவான்? பயந்து அங்காலை ஓடிடும்," என்றார் அண்ணா.

"ஈரல் ஆருக்கு?"

"ஈரல் என்ரை மோளுக்கு. அவளுக்கு ரத்தம் காணாதெண்டு டொக்டர் சொன்னவர்."

அண்ணாவின் மகள் அப்போது முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். முதற்கூறு அவளுக்கு என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். நானும் 'மோளுக்கு' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அண்ணா வந்த விஷயத்தைச் சொன்னார். "எல்லாரும் சொல்லுறாங்கள், உந்தத் தேட்டி-தேட்டி மானுக்குச் சரி, மரைக்குக் காணாதாம். எனக்கு உந்தக் கணக்கொண்டும் விளங்காது. நீ ஒருக்காப் படிச்சுப் பாத்து, நல்லதா ஒரு துவக்கும் ரவையும் எடுத்துத் தா."

"நீங்களெல்லோ சுடப்போறியள். உங்களுக்கு எது பிடிக்குமெண்டு..."

"நீ சொன்னால் சரி."

இந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதலில் இந்த ஊருக்கு வந்தவர் அவர். பார்க்டேலில் ஓர் ஒற்றை அறையில் பல பேரோடு தங்கி, உணவகங்களில் கோப்பை கழுவி, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை. "நீ படி, மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றார். படித்தேன். இரண்டு பட்டமளிப்புகளுக்கும் ஒரே மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். அதன் பிறகு, வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும், "பொறுங்கோ, அவள் சொல்லட்டும்," என்று மற்றவர்களை அடக்குவார். வீடு வாங்குவதா, மகளை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது, முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்வதா என்று எல்லாவற்றுக்கும் கடைசிச் சொல் என்னுடையதாயிற்று. அதை மரியாதை என்று எண்ணி வாங்கிக்கொண்டேன். தன் கைகளால் உழைத்துப் படிப்பித்த படிப்பை ஒருவர் எவ்வளவு நம்புவார், தன்னை எவ்வளவு குறைத்து நம்புவார் என்று நான் யோசித்ததில்லை.

நான் பொதுச் சுகாதாரம் படித்தவள். சுற்றாடலில் கலக்கும் நச்சுப் பொருட்களைப் பற்றிய வேலை. ஆகவே ரவையிலிருந்துதான் தொடங்கினேன். சாதாரண வேட்டை ரவையின் சன்னம், அதாவது குழலிலிருந்து பாயும் குண்டு, ஈயத்தாலானது. அது எலும்பில் பட்டுச் சிதறும்போது, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து வெகுதூரம்வரை இறைச்சிக்குள் பரவும். கழுவினாலும் போகாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது. பங்கு போகப்போகும் வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் இல்லாத வீடே இல்லை. எனவே முழுச் செம்பாலான சன்னம் என்று முடிவெடுத்தேன். அது சிதறாது.

ஆனால் செம்பு கடினமானது. உடலுக்குள் அது பூப்போல விரிந்து உடனடியாகக் கொல்ல வேண்டுமென்றால், வேகமாகப் போய்ப் பட வேண்டும். வேகத்துக்குக் கூடிய வெடிமருந்து கொள்ளும் ரவை வேண்டும். கூடிய மருந்துக்குப் பெரிய துவக்கு வேண்டும். 'முந்நூறு மக்னம்' என்ற வகைக்கு இப்படி வந்து சேர்ந்தேன். பெரிய துவக்கு கடுமையாக உதைக்கும். அண்ணாவுக்கோ வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதற்கும் ஒரு வழி கண்டேன். சுடுகுழலின் நுனியில் துளைகளோடு ஓர் உலோகக் குமிழைப் பூட்டினால், வெடிக்கும் காற்று பக்கவாட்டில் பீறிட்டு வெளியேறி உதைப்பைப் பாதியாகக் குறைத்துவிடும். அதற்கு விலை, சத்தம். சுடுகிறவரின் காதுக்குச் சத்தம் பலமடங்காகும் என்று நான் படித்த எல்லா இடங்களிலும் எழுதியிருந்தது. காதடைப்பான் போட்டால் சரி என்றும் எழுதியிருந்தது. ஒவ்வொரு படியும் முன்னைய படியிலிருந்து பிழையில்லாமல் பிறந்தது. இன்று திரும்பிப் பார்க்கும்போதும், அந்தத் தர்க்கத்தில் எந்தப் படியையும் என்னால் பிழையென்று காட்ட முடியவில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

நகருக்கு வடக்கே இருந்த ஒரு கடைக்கு அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மேசையில் விரித்த கம்பளித் துணியின் மேல் துவக்கை வைத்தார். அண்ணா அதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். கறுப்புக் குழலின் நுனியில் அந்தக் குமிழ், மீனின் செவுள்போல வெட்டுகளோடு இருந்தது.

"எப்பிடி அண்ணா?"

"நல்ல பாரமான சாமான்."

"பாரம் நல்லது. உதைப்புக் குறையும்."

"அப்ப சரி."

கடைக்காரர் அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். அண்ணா என்னைக் காட்டி, "எல்லாம் இவ கேட்டிட்டா," என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார்.

துவக்கை எங்கள் வீட்டில்தான் வைத்தோம். தன்னுடைய கட்டடத்தின் லிஃப்டில் நீண்ட பெட்டியோடு ஏறுவது அண்ணாவுக்குப் பிடிக்காது. பழைய துவக்கும் வருடக்கணக்காக எங்கள் நிலவறையில், பூட்டிய இரும்பு அலுமாரியில்தான் இருந்தது. அதற்காகவே நான் துவக்கு அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தேன். அந்த அலுமாரிக்கு எதிரே உடுப்புத் துவைக்கும் மெஷின். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கனடா தினத்திலும் குடும்பம் முழுவதும் எங்கள் வீட்டில் கூடும். இருட்டத் தொடங்கி, பூங்காப் பக்கம் வாணவேடிக்கை வெடிக்கும் நேரத்தில், அண்ணா ஏதாவது ஒரு துவாயைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போய்விடுவார். மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். வெடி ஓய்ந்த பிறகு மேலே வந்து, "உங்கடை மெஷின் ஆடுது, ஆரையும் கூப்பிட்டுப் பாருங்கோ," என்பார். நாங்கள் எல்லோரும் அதை அறிவோம். யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. ஊரில் குண்டு விழுந்த ஒரு பஸ் நிலையத்தில் அவர் நின்றிருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதையும் அவர் சொல்லவில்லை, அம்மா சொன்னது. துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டியபோது, துவைக்கும் மெஷின் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஓகஸ்ட் மாதத்தில் சுட்டுப் பழகுவதற்காக ஒரு திடலுக்குப் போனோம். தகரக் கூரையின் கீழ் சுடுமேசைகள். எதிரே மண்மேட்டில் கடதாசி இலக்கு. முதலில் நான் மணல் மூட்டையில் வைத்துச் சுட்டேன். சன்னங்கள் இலக்கின் நடுவில் நெருங்கி விழுந்தன. துவக்கில் பிழையில்லை. பிறகு அண்ணா சுட்டார். தகரக் கூரையில் மோதித் திரும்பிய சத்தம், அடைப்பானைத் தாண்டி நெஞ்சுக்குள் இடித்தது. அவருடைய சன்னங்கள் இலக்கின் கீழ்ப்பக்கமாக அங்குமிங்கும் விழுந்தன.

"குறிபாக்கிற கண்ணாடி கொஞ்சம் கலங்கலாத் தெரியுது," என்றார்.

என் கணவர் ரவை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை பேச்சுவாக்கில் மறந்து, வெறுந்துவக்கைக் கொடுத்துவிட்டார். அண்ணா குறிபார்த்து விசையை இழுத்தார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம்தான். ஆனால் வெடி கேட்டதுபோலவே அவருடைய தோள் முன்னால் பாய்ந்தது, குழல் கீழே குனிந்தது, இரண்டு கண்களும் இறுக மூடின.

கணவர் வெடித்துச் சிரித்தார். "மச்சான், துவக்கு வெடிக்கேல்லை, நீங்கள் வெடிச்சிட்டியள்!"

அண்ணா கண்ணைத் திறந்து, துவக்கைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்தார். "புதுத் துவக்கெல்லே. தலை குனிஞ்சு மரியாதை குடுத்தனான்," என்றார்.

நானும் சிரித்தேன். அந்தக் குனிவு எதைக் காட்டுகிறது என்று அனுமதிப்பத்திரத்துக்கான வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்: சுடுகிறவர் வெடியை எதிர்பார்த்து வெருள்கிறார். எனக்கு அது தெரியும். ஆனால் எங்கள் குடும்பங்களில், ஒரு விஷயத்தைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டால் அத்தோடு அது முடிந்துவிடும். மறுபடி கிளறினால் சிரித்தவர்களையும் சிரிக்கப்பட்டவரையும் சேர்த்து அவமதித்ததாகும். சற்றுப் பொறுத்து மெதுவாகக் கேட்டேன்: "அண்ணா, தோள் நோகுதோ?"

"சீ, ஒண்டுமில்லை. நல்ல துவக்கு. காணும், ரவையை வீணாக்காதை."

தோளைப் பற்றித்தான் கேட்டேன். சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான் கீழே சிதறிக் கிடந்த வெற்று ரவைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, அண்ணா காருக்குப் போனார். அந்த வெக்கையில் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, தமிழ் வானொலியை உச்சத்தில் விட்டு உட்கார்ந்திருந்தார். நகைக்கடை விளம்பரம் மூடிய கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததை எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

செப்ரெம்பரில் நாங்கள் மூவரும் போனோம். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே சில மணிநேரம். ஏரிகளும் குன்றுகளுமான இடம். ஒரு சிறு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அண்ணி, போகும் வழிக்கென்று கட்டித்தந்த இடியப்பப் பார்சலை இரண்டு நாளாகச் சாப்பிட்டோம். கணவர் கூறு போடுவதற்கென்று ஒரு பெரிய தராசையும் பொலித்தீன் பைக்கட்டொன்றையும் கொண்டுவந்திருந்தார். அண்ணாவின் தொலைபேசிக்குப் பங்குக்காரர்கள் ஓயாமல் எடுத்தார்கள். "அண்ணை, எலும்பு கொஞ்சம் கூடப் போடுங்கோ, ரசம் வைக்க," என்று ஒருவர். "ஓம், ஓம், போடுவம்," என்று அண்ணா.

வேட்டையின் நான்காம் நாள் காலை, கைவிடப்பட்ட ஒரு பண்ணை நிலத்தின் ஓரத்தில், செம்மஞ்சள் அங்கிகளோடு இருந்தோம். அண்ணா விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் துவக்கைச் சாய்த்து வைத்திருந்தார். நாங்கள் இருவரும் அவருக்குச் சற்றுப் பின்னால். மூடுபனி விலகியபோது மரை அங்கே நின்றது. அது வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தேன்நிற உடலும் கரிய கழுத்துமாக, தலையைத் தாழ்த்திப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. தூரம் அதிகமில்லை. எங்கள் கோயிலின் கார்த் தரிப்பிடத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை இருக்கும். பழைய துவக்கே தாராளமாகப் போதும் தூரம். அதை அந்தக் கணத்திலேயே நினைத்தேன்.

அண்ணா நெடுநேரம் குறிபார்த்தார். நான் மரையைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்த்தேன். முதலில் தோள் உயர்ந்தது. பிறகு துவக்கு வெடித்தது.

மரை விழவில்லை. முதுகை வளைத்து, எதையோ மறந்துவிட்டு நினைவுபடுத்திக்கொள்வதுபோல் சற்று நின்றது. பிறகு மெல்ல நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. முதுகை வளைத்தால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அண்ணாவும் அதை அறிவார்.

வயிற்றில் பட்ட விலங்கை உடனே துரத்தக்கூடாது. துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். காத்திருந்தோம். கணவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வாழ்க்கையில் முதற்தடவையாக அவரிடம் பகிடி எதுவும் இருக்கவில்லை. பிறகு இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தோம். கறுத்த இரத்தம், இடையிடையே வயிற்றிலிருந்து விழுந்த அரைபட்ட புல். நண்பகலில் மழை தூறி எல்லாவற்றையும் கழுவிவிட்டது. தடம் ஒரு சதுப்புநிலத்தின் ஓரத்தில் முடிந்தது. முழங்கால்வரை சேற்றில் இறங்கித் தேடினோம். வெளிச்சம் போகும்வரை தேடினோம். அன்றிரவு செப்ரெம்பருக்கு ஒவ்வாத வெக்கை.

மறுநாள் காலை, காகங்கள் காட்டித் தந்தன. தேவதாரு மரங்களுக்கிடையில் அது கால்களை மடக்கிப் படுத்தபடியே செத்திருந்தது. வயிறு ஊதி, மணம் எடுத்துவிட்டது. ஒரு துணுக்கு ஈயம்கூட இல்லாத இறைச்சி. ஒருவரும் உண்ண முடியாத இறைச்சி.

அண்ணா குந்தியிருந்து அதன் கழுத்தில் கையை வைத்தார். கையை எடுக்காமலே சொன்னார்.

"கண்ணை மூடிட்டன், பிள்ளை."

"வெடிக்கேக்கையோ?"

"அதுக்கு முதலே. அந்தச் சத்தம் வரப்போகுதெண்டு உடம்புக்குத் தெரியுமெல்லே. அண்டைக்குப் பழகப் போன இடத்திலையும் மூடினனான். ஒவ்வொரு வெடிக்கும்."

"அப்ப ஏன் அண்ணா எனக்குச் சொல்லேல்லை? பழைய துவக்கைக் கொண்டு வந்திருக்கலாமெல்லே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கேள்வியே அவருக்குப் புரியவில்லை என்பது போன்ற பார்வை.

"நீ அவ்வளவு படிச்சு எடுத்த சாமான். அது பிழைக்குமோ? பிழை என்னிலைதான் எண்டு நினைச்சன்."

கணவர் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய துவக்குக்கும் செப்புச் சன்னம் உண்டு. படிக்கும்போது அதையும் பார்த்திருந்தேன். அது மெதுவானது, கிட்டப் போய்ச் சுட்டால்தான் பயன் என்று தள்ளிவிட்டேன். கிட்டப் போவது அண்ணாவுக்குத் தெரிந்த ஒன்று. தெரியாதது சத்தத்தைத் தாங்குவது. இந்த இரண்டையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சொல்ல வேண்டிய அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினோம். நெடுஞ்சாலையில் தொலைபேசி அடித்தது. காரின் ஒலிபெருக்கியில் ஒரு குரல் உற்சாகமாகக் கேட்டது: "என்ன அண்ணை, மரை வருதோ? பெரிய சட்டியைக் கழுவிக் கவிட்டு வைச்சிருக்கிறம்!"

"பங்கு வரும்," என்றார் அண்ணா. "மரை இல்லை. சுட்டனான், சரியாப் படேல்லை. வீணாப் போட்டுது."

"அதுக்கென்ன அண்ணை, விடுங்கோ."

"இல்லை, சொன்னனான். பங்கு வரும்."

நான் குறுக்கிட்டு, அது அண்ணாவின் பிழையில்லை, துவக்கைத் தெரிந்தெடுத்தவள் நான் என்று சொல்லப்போனேன். அண்ணா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். தொலைபேசியை வைத்த பிறகு, "உது வீட்டுக் கதை," என்றார்.

அந்த வார இறுதியில் பண்ணையொன்றில் ஆடுகள் சொல்லி, எங்கள் கார்க் கொட்டகையில், கணவர் கொண்டுவந்த அதே தராசில் நிறுத்துக் கூறு போட்டோம். அண்ணா ஒவ்வொரு கூறையும் கையால் தூக்கிப் பார்த்து, குறைந்ததில் ஒரு துண்டு கூட வைத்தார். முதலாவது கூறும் ஈரலும் மகளுக்குப் போயின. ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும், தொலைபேசியில் சொன்ன அதே வார்த்தைகளை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார் என்று பிறகு அண்ணி சொன்னார். சனங்கள் அதை மறந்துவிட்டார்கள். பேரப்பிள்ளை பிறந்த பிறகு அந்த வீட்டில் பேச வேறு எவ்வளவோ இருந்தன.

அண்ணா இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். எதையாவது பற்றிப் பேச்சு எழுந்தால் இன்றைக்கும், "பொறுங்கோ, அவள் சொல்லட்டும்," என்கிறார். நான் முதலில் அவரைக் கேட்கிறேன். அவர் சிரித்து, "எனக்கென்ன தெரியும்," என்று தட்டிக்கழிக்கிறார். இதை மாற்ற என்னால் முடியவில்லை. எத்தனையோ வருடங்களாக உறைந்த ஒன்று, ஒரு மரையின் சாவோடு இளகிவிடும் என்று எதிர்பார்த்தது என் பேராசை.

பெரிய துவக்கை விற்றுவிட்டோம். அண்ணா குலுக்கலுக்கு விண்ணப்பிப்பதில்லை; நவம்பரில் மானுக்கும் போவதில்லை. பழைய துவக்கு அலுமாரியில் இருக்கிறது. கனடா தினத்தன்று வெடி தொடங்கும்போது இப்போது நானும் உடுப்புக் கூடையோடு நிலவறைக்குப் போகிறேன். மெஷின் ஓடி முடியும்வரை இருவரும் அங்கே இருக்கிறோம்.